ரீவொர்க் செய்த கண்

கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டால் பட்டாளத்தில் எடுப்பார்களா என்று கேட்டு இன்றைக்கும் யாராவது என் வீட்டுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் அப்பனும் பிள்ளையுமாக வருவார்கள். அப்பன் பேசுவார், பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். எனக்கு இரண்டு பேரையுமே பிடிப்பதில்லை. இப்போது விதிகள் மாறிவிட்டன, சில இடங்களில் சில நிபந்தனைகளோடு எடுக்கிறார்கள் என்று காதில் விழுகிறது. அதையெல்லாம் ஆள் எடுப்பவர்களிடமே எழுதிக் கேளுங்கள், ஆஸ்பத்திரிக்காரன் பேச்சையும் கேட்காதீர்கள், என் பேச்சையும் கேட்காதீர்கள் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவேன். உட்காரச் சொல்வதுகூட இல்லை.

எனக்கு நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது நாங்கள் ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். என் அப்பா கோதண்டம் டாங்கி தொழிற்சாலையில் எக்ஸாமினர். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா அயனம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்த வீட்டிலிருந்து சர்க்கார் தொழிற்சாலைக்குள் காலடி வைத்த முதல் ஆள் நைனா. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

எக்ஸாமினர் என்றால் மெஷினிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்க்கிறவர். அளவு சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், ஒரேயடியாகக் கெட்டுப்போயிருந்தால் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்குவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. கொஞ்சம் தேய்த்தாலோ குடைந்தாலோ சரியாகிவிடும் பாகங்கள். அவற்றை ரீவொர்க்குக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் மறுபடி அளந்து, என்ன வேலை செய்யப்பட்டது என்று ஒரு சீட்டு எழுதி பாகத்தோடு கட்டிவிடுவார்கள். சீட்டு இருந்தால் மிலிட்டரி இன்ஸ்பெக்டர் வாங்கிக்கொள்வார். சீட்டு இல்லாமல் ரகசியமாகத் தேய்த்தது தெரிந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார். இருபத்திரண்டு வருஷம் இதைத்தான் நைனா செய்தார். உலகம் பூராவும் இப்படித்தான் நடக்கிறது என்று அவர் நம்பிவிட்டார்.

பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை என்னுடையது, நைனா திணித்ததல்ல. ஐ.டி.ஐ.யில் லேத் ஓட்டும் டர்னர் படிப்பு முடித்திருந்தேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு கொட்டகையில் லேத்தோடு வாழ்ந்து முடிய எனக்கு விருப்பமில்லை. நன்றாக ஓடுவேன், பத்துப் பன்னிரண்டு முறை கம்பியில் தொங்கி எழும்புவேன். கண் மட்டும் கெட்டிருந்தது. வலது கண்ணில் மைனஸ் இரண்டே முக்கால், இடதில் இரண்டரை. கண்ணாடியைக் கழற்றினால் ஆவடி ஸ்டேஷனில் எந்த ரயில் வருகிறது என்று அடுத்தவரைக் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்களைப் போலச் சிப்பாய் வேலைக்குப் போகிறவன் கண்ணாடி இல்லாமல் அட்டையை வாசித்துக் காட்டியாக வேண்டும். ஆறுக்கு ஆறு என்பார்கள். நல்ல கண் உள்ளவர் ஆறு மீட்டர் தள்ளி நின்று வாசிக்கும் எழுத்தை நாமும் ஆறு மீட்டரில் நின்று வாசிக்கிறோம் என்று அதற்கு அர்த்தம்.

முதல் தடவை ஆள் எடுப்புக்குப் போனபோது திருட்டு வழியில்தான் போனேன். ஏரிக்கரையில் விடியற்காலையில் பையன்களை ஓட வைத்துப் பயிற்சி கொடுத்த ஹவில்தார் சாமிநாதன் என்ற ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர் ஓர் எழுத்து அட்டையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். தலைகீழாகச் சொல்லும் அளவுக்கு நெட்டுரு போட்டேன். அங்கே போனால் மாட்டியிருந்த அட்டையில் எழுத்துகளே இல்லை. இங்கிலீஷ் ஈ மாதிரி மூன்று கால் உள்ள ஒரே வடிவம் மேலும் கீழும் பக்கவாட்டிலுமாகத் திரும்பிக் கிடந்தது. கால் எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டும். நான் காட்டிய கையைப் பார்த்து அங்கிருந்த சிப்பாய் சிரித்தான். அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வயது வரம்புக்குள் எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி இருந்தது. அந்தச் சமயத்தில்தான் நைனா எங்கிருந்தோ ஒரு செய்தித்தாள் துண்டைக் கொண்டுவந்தார். நகரத்தில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் புது மெஷின் இறக்கியிருக்கிறார்களாம், ஒரு நிமிஷத்தில் பவர் போய்விடுமாம்.

"இன்னாடா சேகரு, கண்ணு இன்னா, அதுவும் ஒரு லென்சுதானே. வெளிப்பக்கம் கொஞ்சம் தேய்க்கிறான். ரீவொர்க்குடா இது."

அக்கா மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட மூன்று வயது பெரியவள், எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. அவளுக்கு மைனஸ் நான்கு. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

"அப்ப எனக்கு இன்னா நைனா? எனக்கு ரீவொர்க் கெடையாதா?"

"ஒனக்கு இன்னாத்துக்கு? நீ கண்ணாடி போட்டாலே பாஸ்தான்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்கா பூவை அப்படியே முறத்தில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். நைனா பி.எஃப். பணத்தில் கடன் எழுதினார். இரண்டு பேருக்கும் சேர்த்துச் செய்ய அது போதாது என்பது அக்காவுக்கும் தெரியும். அதற்காக அந்தப் பேச்சு வலிக்காமல் போய்விடுமா என்ன?

ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாற்காலிகளைச் சுவரோடு கோத்து வைத்திருப்பார்கள். காலை எட்டு மணிக்கு டோக்கன், கண் பாப்பாவை விரிக்க மூன்று தடவை சொட்டு மருந்து, பிறகு கண்ணெல்லாம் கூசிக்கொண்டு மதியம் வரை குருடனைப் போல உட்கார்ந்திருக்க வேண்டும். கருவிழியின் கனத்தை அளந்தார்கள், மேடு பள்ளத்தைப் படம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டு சின்ன டாக்டர்களை வைத்துக்கொண்டு என் தலைக்கு மேல் இங்கிலீஷில் பேசுவார். என் கண்ணைப் பற்றி அங்கே எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நைனா துணிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், இத்த செஞ்சா மிலிட்டரில எடுத்துப்பாங்களா?"

"பார்வை வரும். எடுப்பாங்களானு நீங்க அவங்களத்தான் கேக்கணும்" என்றார் டாக்டர். அவர் நியாயமாகத்தான் சொன்னார், அதை ஒப்புக்கொள்கிறேன். நைனா முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டார். நானும்தான்.

அந்த அறையில் பாதிப் பேர் கல்யாணப் பெண்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணோடு வந்திருந்த அம்மாள் நைனாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"பையனுக்கும் வரன் பாக்கறீங்களா?"

"இல்லம்மா. மிலிட்டரிக்கு."

"எங்க பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல கண்ணாடின்னா வேணாம்னு சொல்லுவாங்க. அதான் முன்னாலயே முடிச்சிடலாம்னு."

"ஆபரேசன் பண்றது அவங்களுக்குத் தெரியுமா?"

"அத எதுக்குங்க சொல்லணும்?"

"சொல்லிடும்மா. வேலை செஞ்ச பார்ட்ட சீட்டு இல்லாம அனுப்பவே கூடாது. அப்பால தெரிஞ்சா மொத்தமா ரிட்டர்ன் ஆயிடும்."

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு நான்கு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மானம் போனது. பெற்ற பெண்ணைப் பார்ட் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? நைனா ஒன்றும் நடக்காதது போல ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அறுவையைப் பற்றி. அப்போது இருந்த முறைக்கு பி.ஆர்.கே. என்று பெயர். இப்போது செய்வது போல மேல் தோலை மூடி மாதிரி திறந்து மூடும் வசதியெல்லாம் இல்லை. முதலில் வலது கண்ணுக்கு மட்டும் செய்தார்கள். கண்ணுக்கு மரத்துப்போகும் சொட்டு விடுவார்கள். இமைகளை ஒரு கம்பிக் கிளிப்பால் பிரித்து வைப்பார்கள், இமைக்க முடியாது. கருவிழியின் மேலே இருக்கும் மெல்லிய தோலை மழுங்கல் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். வலிக்காது, ஆனால் சுரண்டுவது தெரியும். அப்புறம் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே அசையாமல் கிடக்க வேண்டும். டிக் டிக்கென்று ஒரு சத்தம், முடி கருகும் வாசனை. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. கண்ணில் மருந்து போட்டு, பஞ்சு வைத்துக் கட்டி, நடந்தே வெளியே வரச் சொன்னார்கள். செய்தித்தாளில் போட்டது இந்த ஒரு நிமிஷத்தைத்தான்.

மரத்தது தெளிந்ததும் வலி வந்தது. இதை மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உரிந்த இடத்தில் தோல் மறுபடி வளர்ந்து மூட மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் இமைக்கு அடியில் மிளகாய்த் தூளும் மணலும் கலந்து போட்டது மாதிரி இருந்தது. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி பஞ்சு நனைந்து கன்னத்தில் வழிந்தது. கட்டாத கண்ணைத் திறந்தால் அதனோடு சேர்ந்து கட்டின கண்ணும் அசைந்து உயிர் போயிற்று. அதனால் இரண்டையும் மூடிக்கொண்டு கிடந்தேன். தூசியில் ரயிலேற்றிக் கூட்டிப்போக வேண்டாம் என்று நைனா மூன்று நாளுக்கு வார்டில் கட்டில் எடுத்திருந்தார். வார்டு நர்சு மாத்திரையை நீட்டி, "ஆம்பளப் பையன், இதுக்குப் போயி" என்றாள். அவள் கண்ணில் யாராவது அப்படிச் சுரண்ட வேண்டும் என்று மனசார விரும்பினேன். இன்றைக்கும் அந்த விருப்பம் குறையவில்லை.

அம்மா காலையில் முதல் ரயிலில் கஞ்சித் தூக்கோடு வந்துவிடுவாள். எனக்கு ஸ்பூனில் ஊட்டிவிட்டு, சாய்ந்தரம் வரை கட்டிலுக்கு அடியில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருப்பாள். நான் முனகினால் என் உள்ளங்காலைப் பிடித்து அமுக்குவாள். கண் வலிக்குக் காலை அமுக்கி என்ன பிரயோஜனம் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "கண்ணத் தொடக் கூடாதுன்னாங்களே. நான் வேற எங்கத் தொடட்டும்?" என்றாள். அதற்கு மேல் நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சொட்டு மருந்து அக்காவின் பொறுப்பானது. இரண்டு மணிக்கு ஒருதரம் விட வேண்டும். கம்பெனியில் ஷிப்டை மாற்றிக்கொண்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவி, சரியாக ஒரு சொட்டு விடுவாள். ஒரு தடவை, "நைனா என்னைப் பாக்குறப்போ கண்ணாடிதான் தெரியுது, உன்னைப் பாக்குறப்போ கண்ணு தெரியுது. அதாண்டா வித்தியாசம்" என்றாள். சொல்லிவிட்டு என் கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துவிட்டாள். அவள் கோபமெல்லாம் நைனா மேல்தான் இருந்தது, என் மேல் துளியும் இல்லை. அதைச் சுகமாக அனுபவித்தேன்.

வலது கண் நன்றாகவே தேறியது. இரண்டு மாதம் கழித்து இடது கண். அதில்தான் வம்பு வந்தது. ஆறாவது வாரம் கருவிழியில் வெண்மையாக ஒரு மங்கல் படர்ந்தது. புகை படிந்த லாந்தர் சிம்னிக்குள்ளிருந்து பார்ப்பது போல இருந்தது. உரிந்த தோல் ஆறும்போது சிலருக்கு உள்ளே இப்படித் தழும்பு மாதிரி கட்டுமாம். அது கரைய ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கூட்டினார்கள். கூட்டியதும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது. கண்ணுக்குள் ஒரு நீர் சுரந்து வடிந்துகொண்டே இருக்கிறது. அந்த மருந்து சிலருக்கு வடிகாலை அடைத்துவிடும். அழுத்தம் ஏறி நரம்பு செத்தால் அந்தப் பார்வை எந்தக் கண்ணாடி போட்டாலும் திரும்பாது. இந்த விளக்கத்தை எனக்குச் சொன்னவர் டாக்டர் அல்ல, அழுத்தம் அளக்கும் அறையில் இருந்த ஒரு வயதான டெக்னீஷியன். நீல விளக்கை என் கண்ணில் ஒட்டவைத்து அளந்துகொண்டே பொறுமையாகச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் என்னை மனுஷனாக மதித்தவர் அவர் ஒருவர்தான்.

மருந்தை நிறுத்தினால் மங்கல், போட்டால் அழுத்தம். ஐந்து நாள் மறுபடி வார்டில் வைத்து மணிக்கொருதரம் அளந்தார்கள். எனக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. கண்ணாடி போட்டால் தெரிந்துகொண்டிருந்த ஒரு நல்ல கண்ணை நானே கொண்டுபோய் மெஷினுக்கு அடியில் நீட்டியிருக்கிறேன். பட்டாளம் போகிறது, குருடாகிவிட்டால் அம்பத்தூர் கொட்டகையில்கூட லேத்தைத் தொட விட மாட்டார்கள். நைனா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அளவையும் ஒரு டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். மணி, மருந்து, அழுத்தம் என்று கோடு போட்ட மூன்று கட்டம்.

"நான் இன்னா உன் ஃபேக்டரி பார்ட்டா நைனா? இன்னாத்துக்கு எழுதினு கீறே?"

"எழுதுனாத்தான்டா அவன் தப்பு செய்ய மாட்டான்."

"தூக்கிப் போடு அத்த."

அவர் டைரியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். நான் அசந்ததும் எடுத்து எழுதினார் என்று அம்மா பிறகு சொன்னாள். மூன்றாம் நாள் ஜூனியர் டாக்டர் ஒருவர் நிறுத்தச் சொன்ன சொட்டை மறந்துபோய் மறுபடி எழுதிவிட்டார். டைரியைக் காட்டி அதை நிறுத்தியவர் நைனா. அப்போதும் நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

அழுத்தம் இறங்கியது. வேறொரு லேசான மருந்தில் மங்கலும் நான்கு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஒருநாள் காலை ஏரியின் எதிர்க்கரையில் துணி துவைக்கும் பெண்ணின் புடவையில் பூப் போட்டிருப்பது தெரிந்தது. வெட்கத்தை விட்டு அழுதேன். கடைசிப் பரிசோதனையில் இரண்டு கண்ணும் ஆறுக்கு ஆறு. நைனா ஆஸ்பத்திரியில் விடாப்பிடியாக நின்று, என்ன அறுவை, எந்தத் தேதி, முன்னால் என்ன பவர், இப்போது என்ன பார்வை என்று முத்திரையோடு சர்டிபிகேட் வாங்கினார். அதையும் ரிப்போர்ட்டுகளையும் ஒரு நீல ஃபைலில் கோத்தார்.

ஹவில்தார் சாமிநாதன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கோதண்டம், அந்த ஃபைலை அடுப்புல போடு. திருநின்றவூர்ப் பையன் ஒருத்தன் இதே லேசர் வெச்சவன், வாயைத் தொறக்கலை, இன்னிக்கு ட்ரெய்னிங்ல இருக்கான். டார்ச் அடிச்சுப் பாத்தா எல்லா டாக்டருக்கும் தெரியாது. கேட்டா இல்லைன்னு சொல்லணும், அவ்ளோதான்."

"பொய் சொல்லி உள்ள பூந்தா அப்பால எப்ப வேணா தூக்கிக் கடாசுவான் சார். சீட்டோட போனா ஒருத்தனும் ஒண்ணியும் சொல்ல முடியாது. நான் அனுப்பாத சாமானா? எல்லாம் வாங்கிக்கினுதான் போனான்."

"அது இரும்புய்யா."

"கண்டிசன் ஒண்ணுதான் சார்" என்றார் நைனா.

அக்கா நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஹவில்தார் போனதும் நைனாவிடம் நேராகவே சொன்னாள். "எனக்குச் செலவு பண்ண வேண்டிய துட்டுலயும் இவனுக்குத்தான் பண்ணே. அந்த ஃபைலால இவன் திரும்பி வந்தான்னா நான் உங்கூட பேச மாட்டேன் நைனா." எனக்கும் உள்ளுக்குள் ஹவில்தார் சொன்னதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஆள் எடுப்பில் ஓட்டம், கம்பி, பள்ளம் தாண்டுவது எல்லாவற்றிலும் தேறினேன். மறுநாள் மெடிக்கல். கேட்டுக்கு வெளியே வெயிலில் வரிசையில் நிற்க வைத்து, பத்துப் பத்துப் பேராக உள்ளே அழைத்தார்கள். அப்பாக்கள் எல்லாம் எதிரே மரத்தடியில். நீல ஃபைலை நான் சட்டைக்குள் செருகியிருந்தேன். எனக்கு முந்தின பத்திலிருந்து ஒரு பையன் அழுதுகொண்டே வெளியே வந்தான். கையில் ஒரு ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்தது. சின்ன வயதில் முழங்கை உடைந்து சேர்ந்ததாம். பூரணமாகக் குணமாகிவிட்டது என்று எழுதி வாங்கிய சர்டிபிகேட்டை அவனே எடுத்து நீட்டியிருக்கிறான், அதைப் பார்த்தே கழித்துவிட்டார்கள். அவன் அப்பா மரத்தடியில் எல்லாரிடமும் அதைச் சொல்லிப் புலம்பினார்.

நைனா வரிசையை நோக்கி வந்தார். காவலுக்கு நின்ற சிப்பாய் அதட்டியும் நிற்கவில்லை. அவர் முகம் அப்படி வெளிறி அதுவரை நான் பார்த்ததில்லை.

"ஃபைல குடுடா."

"இன்னாத்துக்கு?"

"குடு. நான் வெச்சினு கீறேன். உள்ள எதுவும் சொல்லாத. கேட்டா இல்லன்னு சொல்லிடு."

"இப்ப சொல்றியே. அன்னைக்கு அந்தக் கல்யாணப் பொண்ணோட அம்மாகிட்ட இன்னா சொன்னே நீ?"

"தப்பா சொல்லிட்டேன்டா. நான் சொன்னதெல்லாம் தப்பு. குடு சேகரு."

அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுத்திருக்கலாம். சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கையில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அந்த நேரத்தில் வந்தது ஒரு வெறி. வருஷக்கணக்காக உபதேசம் செய்துவிட்டு, என் கண்ணைச் சுரண்டி, வார்டில் கிடக்க வைத்து, கடைசி நிமிஷத்தில் இந்த ஆள் பயப்படுகிறாரே என்று. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைலைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் மாட்டிக்கொண்டால் பொய் சொன்னவன் நான். ஃபைலோடு போய்த் தோற்றால் தோற்கடித்தவர் நைனா. எனக்கு இரண்டாவது சௌகரியமாக இருந்தது.

"நீ கத்துக் குட்த்ததத்தான் நான் செய்யப்போறேன். போ நைனா அந்தாண்ட" என்றேன். பின்னால் நின்ற பையன்கள் கேட்கும்படிதான் சொன்னேன்.

உள்ளே கண் பரிசோதனை ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதே ஈ அட்டைதான். இந்த முறை கடைசி வரி வரை கை காட்டினேன், இரண்டு கண்ணிலும் ஒன்றுகூடத் தப்பவில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டே இந்தியில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற தமிழ்ச் சிப்பாய், "ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கானு கேக்குறாரு, இல்லைதானே?" என்றான். இல்லைதானே என்று அவனே பதிலையும் எடுத்துக் கொடுத்தான். நான் சட்டைக்குள்ளிருந்து ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தேன்.

டாக்டர் முதல் பக்கத்தை மட்டும் படித்தார். டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. மூடிவைத்துவிட்டு என் தாளில் ஒரு வரி எழுதினார். கையெழுத்து கிறுக்கலாக இருந்தாலும் அத்தனை தூரத்திலிருந்து என்னால் வாசிக்க முடிந்தது. அன்ஃபிட், நிரந்தரம். வெளியே கூட்டிக்கொண்டு வரும்போது சிப்பாய், "யாருப்பா உன்னை இதெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னது?" என்று கேட்டான். "எங்க அப்பா" என்றேன்.

ரயிலேறி வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டில் அம்மா சோறு போட்டாள். நான் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அக்கா நடையில் நின்று, "இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். நான் வாயில் இருந்த சோற்றை விழுங்குவதற்குள் நைனா பேசிவிட்டார்.

"அன்ஃபிட்டுன்னுட்டான். சேகரு வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்காம ஃபைல டாக்டராண்ட குடுன்னு உள்ள அனுப்பிச்சேன்."

அக்கா அவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். ஒரு பெண் அப்பனிடம் சொல்லக்கூடாதவை அவை. நைனா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா வழியாகத்தான் நைனாவிடம் பேசினாள். அவளுக்குக் கல்யாணமாகி பூந்தமல்லிக்குப் போன பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாள், அம்மாவுக்குப் புடவை எடுத்து வருவாள், அவருக்கு ஒன்றும் இருக்காது. பேரப் பிள்ளைகளைக்கூட அவர் கேட்டு வாங்கித்தான் தூக்க வேண்டியிருந்தது. ஒரு தீபாவளியன்று தாங்க முடியாமல் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் அக்காகிட்ட சொல்லிடறேன் நைனா" என்றேன். "இன்னாத்துக்கு? எங்கிட்ட பேசாம இருந்து அவ பழகிட்டா. உங்கிட்டயும் பேசலன்னா அவளுக்கு யாருடா கீறாங்க?" என்றார். நான் அதையும் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் நைனா போய்விட்டார். அக்கா வந்து தள்ளி நின்றாள், அழவில்லை. வந்தவர்களிடம், "என் தம்பி வாழ்க்கையக் கெடுத்தவரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதும் நான் பேசவில்லை.

இதை முதலில் அவளுக்குத்தான் அனுப்புகிறேன். அக்கா, அன்றைக்குக் கேட்டில் நைனா கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஃபைலைக் கொடுக்காதவன் நான்.